பொறியாளர் சங்கத்துக்கு இருபது தலை

சங்கச் செயலாளர் வேலை என்பது நாற்காலிகளைப் போடுவது, பிறகு அவற்றில் உட்கார ஆள் வருகிறதா என்று வாசலையே பார்ப்பது. ஏதாவது ஒரு சங்கத்தில் செயலாளராக இருந்து அவதிப்பட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காலி நாற்காலிகளுக்கு எதிரே நின்று வரவேற்புரை ஆற்றிப் பார்க்கட்டும்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் புதிய துறைமுக வேலை நடந்தபோது நான் அங்கே உதவிப் பொறியாளர். பொறியாளர் சங்கத்தின் ஊர்க் கிளைக்குக் கௌரவச் செயலாளர் என்ற பட்டமும் உண்டு. அதில் கௌரவத்தைத் தவிர மற்ற எல்லாம் எனக்குக் கிடைத்தது.

தலைமையகத்துக் கடிதம்

ஒருநாள் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. கூட்டத்துக்கு இருபது உறுப்பினர்கூட வராத கிளைகளைப் பக்கத்துக் கிளைகளோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். அடுத்த மூன்று கூட்டங்களில் ஒன்றிலாவது இருபது கையெழுத்து இருக்க வேண்டும், இல்லையென்றால் நாங்கள் மதுரையோடு ஐக்கியம். நான் பிறவியிலேயே ஓரிடத்தில் உட்காராத ஆள். கடிதம் வந்த பிறகு நிற்கவும் முடியவில்லை.

எனக்கு ஏன் அத்தனை பதைப்பு என்று சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஊற்றிய முதல் தூண், பலகையைப் பிரித்ததும் பொத்தல் பொத்தலாக நின்றது. என்ன தப்புச் செய்தேன் என்று கேட்க இந்த ஊரில் எனக்கு ஒருத்தரையும் தெரியாது. மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மாதிரி முழிக்கிறவனுக்குக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் இந்தச் சங்கத்தைக் கட்டி அழுதேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு ரசாயன ஆலையில் பராமரிப்புப் பொறியாளராக இருந்த நண்பர் ராமலிங்கத்திடம் ஓடினேன். அவர் நிதானமாகப் படித்து மடித்துக் கொடுத்தார். "மதுரைக்குத்தான் பஸ் இருக்கே, அப்புறம் எதுக்குவே இங்கன ஒரு சங்கம்?"

உறைபனியில் கான்கிரீட்

முதல் கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு பெரியவரை வரவழைத்தேன். வெளிநாட்டில் படித்தவர், பெயருக்குப் பின்னால் ஒரு முழ நீளத்துக்குப் பட்டம். தலைப்பை அவரே தேர்ந்தெடுத்தார்: குளிர்ப் பிரதேசங்களில் கான்கிரீட் இடும் முறைகள். நானும் தலையாட்டிவிட்டேன்.

சித்திரை மாதம். வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட வகுப்பறை. அவர் பேச ஆரம்பித்ததும் கரண்ட் போனது. வெளியே உப்பளத்து அனல் அடிக்க, உள்ளே அவர் கான்கிரீட் உறைந்துபோகாமல் அதற்குப் போர்வை போர்த்துவதைப் பற்றி ஒரு மணி நேரம் விளக்கினார். வந்திருந்த பன்னிரண்டு பேரும் அழைப்பிதழால் விசிறிக்கொண்டார்கள். எங்கள் தலைவர் சாமுவேல் சார், நாசரேத்துக்காரர், ஓய்வுபெற்ற செயற்பொறியாளர், வழக்கம்போல முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டார். ஏதாவது சந்தேகம் உண்டா என்று நான் கேட்டேன், ராமலிங்கம் எழுந்தார். "சார், தூத்துக்குடியில பனி எப்பம் பெய்யும்னு சொல்லிட்டா, நாங்க இப்பமே போர்வை வாங்கி வச்சிருவோம்."

கையெழுத்தோடு கிளம்பியவர்கள்

இரண்டாம் கூட்டத்துக்கு வீடு வீடாகச் சைக்கிளில் போய் அழைத்தேன். கெஞ்சினேன் என்பதே சரி. பத்தொன்பது பேர் வந்தார்கள். வருகைப் பதிவேட்டை முதலிலேயே சுற்றுக்கு விட்டுவிட்டு, இருபதாவது தலைக்காக வாசலில் நின்று முத்தையாபுரம் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் வந்தது. இறங்கியவர்களில் ஒருத்தரும் பொறியாளர் இல்லை.

திரும்பி உள்ளே பார்த்தால் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். பதிவேடு எதுவரை போனதோ அதுவரை நாற்காலி காலி. பின்வாசல் வழியாகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போன ஒரு நூற்பாலைப் பொறியாளரை மறித்தேன். இனி பதிவேடு கூட்டம் முடிந்த பிறகுதான் வெளியே வரும் என்று அங்கேயே சபதம் செய்தேன். அவர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "பேரு பதிஞ்சாச்சு அண்ணாச்சி, உக்காந்தா கூடுதலா என்ன தெரியப் போகுது?"

மரியதாஸின் பொட்டலம்

திங்கட்கிழமை காலை துறைமுகத்தில் மரியதாஸ் என் மேசையில் ஒரு பொட்டலத்தை வைத்தார். என் கீழே வேலை பார்த்த மேற்பார்வையாளர், கடற்கரைத் தெருக்காரர். பிரித்தால், துருப்பிடித்து உப்பிப்போன கம்பித் துண்டு, அதில் ஒட்டிய கான்கிரீட் சில்லு. ஊரில் மீன் ஏலக்கூடத்துத் தூண் வெடித்து உதிர்ந்ததாம். கட்டி ஆறு வருடம்தான் ஆகிறது. "எங்க அக்கா அந்தத் தூணுக்குக் கீழதான் சார் கூடையோட உக்காருதா. ஏன் இப்படி ஆச்சுன்னு உங்க சங்கத்துல கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

கூட்டத்துக்கு நீங்களே வந்து கேளுங்கள் என்றேன். அவர் தயங்கினார். பட்டப்படிப்பு இருந்தால்தான் சங்கத்தில் சேர்க்கை, அவர் டிப்ளமா. இந்த விதியை நானே பலமுறை பெருமையாக வாசித்திருக்கிறேன். அன்றைக்கு வெட்கமாக இருந்தது. அவரே எனக்கு வழி சொல்லிக் கொடுத்தார்: "நான் வாசல்ல நின்னு கேட்டா விதிக்கு ஒண்ணும் ஆகாதுல்லா சார்?"

ஒரு அங்குலம்

மூன்றாவது கூட்டத்துக்குப் பேச்சாளர் இல்லை. அஞ்சலட்டையில் ஒரே வரிதான் எழுதிப் போட்டேன்: ஆறு வருடத்தில் வெடித்த தூணின் கம்பியைக் கொண்டு வருகிறோம், காரணம் தெரிந்தவர்கள் வரவும். காரணம் தெரிந்தவர் என்று தன்னை நினைக்காத பொறியாளர் உலகத்தில் உண்டா? நாலு மணிக்கே வர ஆரம்பித்துவிட்டார்கள். இருபத்தாறு தலை. நான் மூன்று தடவை எண்ணினேன்.

கம்பி கைமாறிக் கைமாறிப் போனது. கடல் மணலைக் கழுவாமல் போட்டிருப்பான் என்றார் ஒருவர். கிணற்றுத் தண்ணீரே உப்பு என்றார் இன்னொருவர். தன் ஆலையிலும் இதே கதை என்று ராமலிங்கம் மேசையைத் தட்டினார். வாசலில் நின்றபடியே மரியதாஸ் சில்லைக் காட்டி, கம்பியை மூடியிருந்த கான்கிரீட் ஒரு அங்குலம்கூடத் தேறாது, கடல் உப்பு கம்பியை எட்ட அதுவே வழி என்றார். சாமுவேல் சார் கண்ணைத் திறந்தார். கம்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "உள்நாட்டுக் கட்டடத்துக்குப் போடுத மாதிரி ஒரு இஞ்ச் போதும்னு அந்த வரைபடத்துல கையெழுத்துப் போட்டது நாந்தான், தம்பி."

ஏலக்கூடத்தில்

வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்று முதலில் எழுந்தவரும் அவர்தான். எல்லோரும் ஸ்கூட்டரிலும் சைக்கிளிலுமாகக் கிளம்பினோம். ஏலக்கூடத்தில் இன்னும் நாலு தூண்களில் விரிசல் இருந்தது. ஒன்றைச் சுத்தியலால் லேசாகத் தட்டியதும் உள்ளங்கை அகலத்துக்கு உதிர்ந்தது. ராமலிங்கம் கூடைகளை வெளியே தூக்கி வைக்கச் சொன்னார். யாரோ லாரி பிடித்துச் சவுக்குக் கட்டைகள் கொண்டுவந்தார்கள். இருட்டுவதற்குள் கூரைக்கு முட்டுக் கொடுத்து முடித்தோம். சட்டையெல்லாம் மீன் நாற்றம். வாசலைப் பார்க்காமல் நான் இருந்த முதல் கூட்டம் அதுதான்.

மரியதாஸின் அக்கா பிலோமி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "ஏலே மரியதாஸ், இத்தன இஞ்சினியரும் இந்த ஊருக்குள்ளயா இருந்தாவ?"

வெற்றுப் பக்கம்

வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. பதிவேட்டை முடிவில்தான் சுற்றுக்கு விடுவேன் என்று சபதம் செய்திருந்தேனே! அது வகுப்பறை மேசையிலேயே கிடந்தது. ஒரு கையெழுத்துகூட இல்லை. மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு முதலில் ராமலிங்கம் வீட்டுக்குப் போனேன். அவர் பேனாவைத் தொடவில்லை. வேலையை அளந்த இடத்திலேயே அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும், பின்தேதியிட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். போன கூட்டத்தில் போட்டுவிட்டு ஓடியவர்கள்கூட அன்றைக்கு அரிச்சந்திரர்களாகிவிட்டார்கள். எரிச்சலில் பதிவேட்டைக் கிழிக்கலாம் போலிருந்தது. ஆனால் குற்றம் சொல்ல வாயும் வரவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார் சாமுவேல் சார். எழுதினேன். கையெழுத்தில்லாத கூட்டம் கூட்டமாகாது, உங்கள் கிளை மதுரையோடு சேர்க்கப்படுகிறது என்று பதில் வந்தது. அடுத்த கூட்டம் வந்த சனிக்கிழமை அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் வகுப்பறைக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே எல்லோரும் வந்திருந்தார்கள். மரியதாஸ் முன்வரிசையில் சாமுவேல் சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், மடியில் இன்னொரு பொட்டலம். தட்டுத்தடுமாறிக் கடிதத்தை வாசித்தேன். மதுரைக்குத்தான் பஸ் இருக்கே என்று கேட்ட அதே ராமலிங்கம்தான் பதில் சொன்னார். "சங்கம் மதுரைக்குப் போனாப் போகட்டும்வே, தூண் இங்கனதான நிக்குது?"

அதன் பிறகு எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு சங்கத்துக்குப் பல வருடம் செயலாளராக இருந்தேன், நாற்காலி போதவில்லை என்பதைத் தவிர அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.