உயிரோடு வந்த தியாகி

போன ஞாயிற்றுக்கிழமை நான் சீஃப் கெஸ்ட். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒரே கப்பலில் இருந்த நேவிக்காரர்களின் சங்கம், தம்பானூரில் அவர்களுக்கென்று ஒரு சின்ன ஹால், ஆண்டுவிழா. மந்திரி கிடைக்காவிட்டால் பத்திரிகையில் எழுதுகிறவன்... அதுதானே வழக்கம்?

சங்கத்தின் தலைவர் தாணுமாலயன். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆட்களை மாற்றவில்லை.) சட்டையில் வரிசையாக மெடல்கள். கப்பல் முழுகிய கதையை வருஷா வருஷம் அவர்தான் சொல்வாராம். ஞானமுத்து என்ற சிநேகிதனைக் கடலிலிருந்து படகுக்குள் இழுத்துப் போட்டார். அவன் இவர் மடியிலேயே உயிரை விட்டான். கூட்டம் மூக்கை உறிஞ்சியது. பின்னால் சுவரில் சலவைக்கல். கப்பலோடு போனவர்களின் பெயர்கள். அதில் முதல் பெயர் ஞானமுத்து. நானும் உருகிப்போய் ஏதோ பேசிவிட்டு இறங்கினேன்.

கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். ஹாலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் விந்தி விந்தி வந்து பக்கத்தில் நின்றார். வயது ஐம்பத்தைந்து இருக்கும்.

"நான்தான் சாரே, அந்த ஞானமுத்து."

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

வரவில்லை. அதனால் முழுக்கதையும் கேட்டேன். கடலில் ஒரு பலகையைப் பிடித்துக் கிடந்தவரை ஏதோ சரக்குக் கப்பல் தூக்கிக் கொழும்பில் இறக்கியது. ஆஸ்பத்திரி. கால் ஊனமானதால் நேவியும் விடை கொடுத்தது. அங்கேயே தேயிலைத் தோட்டத்தில் வேலை, கல்யாணம். நேவி கொடுத்த காகிதம் வீட்டோடு எரிந்துபோயிற்று. சிலோன் சர்க்கார் தோட்டத் தமிழர்களைக் கணக்குத் தீர்த்து இந்தியாவுக்கு அனுப்பியபோது இங்கே வந்தார். இப்போது சாலை என்ற கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையில் எடுபிடி.

சங்கம் இருப்பது தெரிந்ததும் மகனையும் கூட்டிக்கொண்டு ஆசையாய்ப் போயிருக்கிறார். மகன் கல்லைப் படித்தான். செத்தவர் பட்டியலில் அப்பா பெயர்! பெயர் ஒத்துப்போனதை வைத்து அப்பா இத்தனை வருஷமும் கதை விட்டிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் இவர் வாயைத் திறந்தாலே சிரிப்பு.

இன்னொன்றும் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. படகின் விளிம்பைப் பிடித்திருந்த இவர் கையை விரல் விரலாகப் பிரித்து விட்டவர் தாணுமாலயன்.

"அவருக்கும் அப்போ சின்ன வயசுதான் சாரே. படகு நெறஞ்சு கெடந்து. நான் ஏறியிருந்தா எல்லாரும் முங்கியிருப்போம். அத நான் சபையில சொல்லமாட்டேன். எனக்க மவன்ட்ட மட்டும், 'இது ஞானமுத்துதான்'னு அவரு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

மறுநாளே தலைவர் வீட்டுக்குப் போனேன். மறுப்பார், கோபப்படுவார் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். மனிதர் அலட்டிக்கொள்ளவே இல்லை. காபி கொடுத்தார். விழாவுக்கு வந்த முதல் வருஷமே ஆளை அடையாளம் தெரிந்துவிட்டதாம். விழாவுக்கு வரட்டும், உட்காரட்டும், டீ குடிக்கட்டும், யார் தடுத்தார்கள் என்றார். மகனிடம் ஒரு வார்த்தை? அதுமட்டும் நடக்காது. ஒருவனிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. கல்லைத் திறந்துவைத்தவர் மந்திரி. அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

"இத்தற வருஷமா அவன் தியாகியாக்கும் சாரே. இப்போ அவன சாலைல கம்பி தூக்குற ஆளா ஆக்கணுமா? அது அவனுக்குத்தான் கொறச்சல், கேட்டோ."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மனிதனை இரண்டாம் தடவையும் கடலில் தள்ளிவிட்டு, அது அவன் கௌரவத்துக்காக என்கிறார்! காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வேறென்ன செய்ய முடிந்தது?

முடிந்த ஒன்றைச் செய்தேன். மகன் தம்பானூரிலேயே ஒரு லாட்ஜில் கவுண்டரில் இருக்கிறான். நல்ல பையன். நாற்காலி போட்டான். தலைவர் என்னிடம் ஒப்புக்கொண்டதை அப்படியே சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். நடுவே யாருக்கோ ரூம் சாவி எடுத்துக் கொடுத்தான்.

"நீங்க எழுதுற ஆளுல்லா சாரே. தலைவரு வந்து சொல்லட்டு, நம்புதேன்."

தலைவர் வரமாட்டார். அடுத்த ஆண்டுவிழாவில் ஞானமுத்து அதே மடியில் மறுபடி சாவார், அதே கூட்டம் அழும். இந்த ஊரில் தியாகி ஆவதற்கு வீரமெல்லாம் வேண்டியதில்லை — திரும்பி வராமல் இருந்தால் போதும்.