பீரோவுக்குப் பின்னால் ஒரு காடு

பங்குனி, சித்திரையில் எங்கள் காப்புக்காட்டுக்குள் கால் வைத்தால் ஒரு கட்டு அப்பளத்தை மொத்தமாக நொறுக்குகிற மாதிரி சத்தம் வரும். உசிலையும் வெப்பாலையும் உதிர்த்த சருகு கணுக்கால் அளவுக்குக் கிடக்கும். அதில் என் அக்கா கௌரி குதிகாலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாள். அந்த நடைக்காகவே நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறிப் போனோம் என்று இன்றைக்கு யாரிடமாவது சொன்னால், "வேற வேலை இல்லையா உங்களுக்கு?" என்று கேட்கிறார்கள். வேலை இருந்தது. வேறு வழிதான் இல்லை.

அக்காவுக்குப் பேச்சு வரவில்லை. சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய டவுன்ஷிப்பில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த 'குவார்ட்டர்ஸி'ல், குக்கர் விசில் அடித்தால் கத்துவாள், மேல்வீட்டில் நாற்காலியை நகர்த்தினால் கத்துவாள், ஒன்றுமே இல்லாவிட்டாலும் சுவரில் நெற்றியை மோதிக்கொண்டு கத்துவாள். அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்தாள் என்றால் விடவே மாட்டாள்; அம்மா அடுப்படிக்குப் போனாலும், குளிக்கப் போனாலும் அந்தப் பிடி கூடவே போகும். அக்கம்பக்கத்தார் எல்லோரும் படித்தவர்கள், முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். ஜன்னலை மட்டும் 'படார்' என்று சாத்துவார்கள். ஒவ்வொரு முறையும் அம்மாவின் முகம் சுருங்குவதைப் பார்த்து எனக்கு அந்த ஜன்னல்களில் கல்லெறிய வேண்டும்போல் இருக்கும். அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே கிடையாது.

காடு எங்களுக்குக் கிடைத்தது ஒரு 'பிரேக் டவுன்' புண்ணியத்தில். அக்காவை டாக்டரிடம் காட்டுவதற்காகச் செங்கல்பட்டுக்குப் போனபோது, திருக்கழுக்குன்றம் தாண்டிக் காப்புக்காட்டு ஓரத்தில் பஸ் நின்றுவிட்டது. அக்கா போட்ட கூச்சலில் பஸ் மொத்தமும் எங்களைத் திரும்பிப் பார்க்க, அம்மா வெட்கம் தாங்காமல் எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டாள். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், கூச்சல் நின்றது. எனக்குப் பயமாகிவிட்டது, என்ன ஆயிற்றோ என்று திரும்பினால் அக்கா முந்தானையை விட்டுவிட்டு, சருகில் காலைத் தேய்த்துக்கொண்டு தன்பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள். அம்மா கசங்கிப்போன முந்தானையைக் கையில் எடுத்துப் பார்த்தபடி அப்படியே நின்றாள். அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் ஞாயிறு என்றால் காடுதான். அந்த 'ரூட்' கண்டக்டர் முதலில் எங்களைப் பைத்தியங்கள் என்றே நினைத்தார். "இன்னாமா, இங்க இன்னா கீதுன்னு எறங்குறீங்க? வெறும் காடும்மா!" என்று தலையில் அடித்துக்கொள்வார். "அதுக்குத்தான்ப்பா எறங்குறோம்" என்பாள் அம்மா. போகப்போக அவரே பழகிவிட்டார், நாங்கள் எழுந்திருப்பதற்கு முன்பே விசில் ஊதி, "காட்டு பார்ட்டி, எறங்கு எறங்கு!" என்று கிண்டல் செய்வார், அக்கா படி இறங்கும்வரை பஸ்ஸை எடுக்கவும் விடமாட்டார்.

உள்ளே போனதும் அம்மா ஒரு பாறையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பாள். தயிர்சாதம், மோர்மிளகாய், அவ்வளவுதான். அதைக் கல்யாண விருந்து மாதிரி, கடைசிப் பருக்கைவரை நிதானமாகச் சாப்பிடுவாள். அக்கா நடந்துகொண்டே இருப்பாள், எதிர்ப்படுகிற ஒவ்வொரு மரத்தையும் உள்ளங்கையால் தடவிவிட்டுத்தான் தாண்டுவாள். நான் களாக்காயைத் தின்று பற்கள் கூசப் பின்னாலேயே போவேன். மயில் அகவினால்கூட அவள் மிரண்டதில்லை. குக்கர் விசிலுக்கு உயிரை விடுகிறவள், மயிலுக்குச் சும்மா தலையைத் திருப்பிப் பார்ப்பாள், என்ன கணக்கோ! அந்தப் பக்கம் ஆடு ஓட்டி வருகிற முனியம்மா எங்களைப் பார்த்தால் நின்றுவிட்டுத்தான் போவாள். "வூட்ல இன்னா பேஜாரு பண்ணுதோ தெர்ல, இங்க வந்தா கம்முனு கீது பாரு உம் பொண்ணு" என்பாள். அவள் போனதும் அம்மா என்னிடம், "வாரத்துல இந்த ஒரு நாள்தான்டி நான் மனுஷியா இருக்கேன்" என்று சொல்வாள். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிவந்தது. அவர் கேளம்பாக்கத்தில் ஆறாவது மாடியில் ஒரு ஃபிளாட்டைப் பார்த்துவிட்டு வந்து குதித்த குதி இருக்கிறதே! "பால்கனியத் தொறந்தா காடுதான் சார், ஏசியே வேணாம்" என்று புரோக்கர் சொல்லியிருக்கிறார். பால்கனிக்கு எதிரே நிஜமாகவே வேறொரு காப்புக்காடு, கண்ணுக்கு எட்டினவரை பச்சை. "இனிமே உனக்கு பஸ்ஸே வேண்டாம், கௌரி வீட்லயே காட்டைப் பாத்துக்கிட்டு இருப்பா" என்றார் அப்பா. அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "உள்ள போக வழி இருக்கா?"

"சுத்தி முள்வேலி போட்டிருக்கான், உள்ள விடமாட்டான். அதான் பாக்கலாமே, போதாதா?"

மாதச் சம்பளத்திலேயே வாழ்ந்த மனுஷர். 'வியூ' இருக்கிறது என்று எவனோ சொன்னதை நம்பி, மகளுக்காக ஆயுள் சேமிப்பை எல்லாம் அதில் போட்டார். அவரை எப்படிக் குறை சொல்வது?

குடிபோன அன்றே அக்கா காட்டைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநிமிடம் அவள் பால்கனிக் கம்பியில் காலைத் தூக்கி வைத்தாள். எட்டிப் பிடித்து இழுத்துப் போடுவதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. உடனே 'கிரில்' போட்டோம். அவள் கிரில்லில் மோத ஆரம்பித்தாள். கண்ணுக்குத் தெரிகிற காட்டுக்கு ஏன் போகக்கூடாது என்று அவளுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது? நெற்றி பிளந்து தையல் போட்டுக்கொண்டு வந்த நாளில், அப்பா பால்கனிக் கதவைச் சாத்தி, இரும்பு பீரோவைத் தானே தள்ளிக்கொண்டுவந்து அதன் முன்னால் நிறுத்தினார். தள்ளி முடித்ததும் அதன் மேலேயே சாய்ந்து நின்றார்.

பழைய காட்டுக்குக் கொஞ்சகாலம் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தோம். அம்மாவின் முழங்கால் தேய்ந்து போனது. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று 'ஸ்டாப்'பையும் எடுத்துவிட்டார்கள். அப்பா இறந்துபோனார், பின்னாலேயே அம்மாவும் போனாள். கடைசி வாரத்தில்கூட அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவள எங்கயாவது நடக்கக் கூட்டிட்டுப் போடி" என்றாள். அந்த 'எங்கயாவது'தான் என்னைக் கொல்கிறது.

போன தையில் ஒரு சேதி காதில் விழுந்தது: எங்கள் பழைய காப்புக்காட்டின் ஓரத்தை 'நடைபாதைப் பூங்கா'வாக்கித் திறந்திருக்கிறார்களாம், பஸ் வாசலிலேயே நிற்கிறதாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு காலையில் பஸ் ஏறினேன். வாசலில் சிமெண்டு மான்கள். உள்ளே நெடுக வண்ணக்கற்கள் பதித்த பாதை, ஒரு சருகு கிடையாது, அவ்வளவு சுத்தம். மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி கட்டி அதில் குயில் கூவுகிறது. அக்கா குதிகாலைத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். பிறகு அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து கத்தினாள். பிள்ளைகளோடு வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள், ஒருவன் செல்போனைத் தூக்கிப் படமெடுத்தான்.

வாட்ச்மேன் நல்ல மனிதர், தணிந்த குரலில்தான் சொன்னார். "தப்பா எடுத்துக்காதம்மா. கொழந்தைங்கோ பயந்துக்குது. இங்க சைலண்டா இருக்கணும்னு போர்டு கீது பாரு. கூட்டிகினு போய்டும்மா."

இந்த உலகத்தில் இவள் சத்தம் போடாமல் இருந்த ஒரே இடம் இதுதான் ஐயா என்று அவரிடம் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "பாவம்மா" என்றார். சொல்லிக்கொண்டே கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்போது டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். அக்கா பகலிலும் தூங்குகிறாள். கீழ்வீட்டுக்காரர்கள் புகார் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். தூக்கத்தில் சில சமயம் போர்வைக்குள் அவள் கால்கள் மட்டும் மாறி மாறி நடக்கின்றன. அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன்.