பார்க்கிங்குக்கு நடுவே ஒரு கிழங்குப் பாத்தி

மராட்டியப் பக்கம், கோந்த்வாவில் நாங்கள் வாங்கிய வீடு தரைத்தளம். விலை கொஞ்சம் குறைவு, கொசு கொஞ்சம் அதிகம். ஆனால் சமையலறைக் கதவைத் திறந்தால் காலடியில் மண் இருந்தது, காம்பவுண்டுச் சுவர் வரைக்கும். குடியிருப்புச் சொசைட்டியின் பொது இடம்தான். இருந்தாலும் தரைத்தளத்துக்காரர்கள் செடி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் கட்டியவர் விற்றிருந்தார். அந்த மண்ணைப் பார்த்துத்தான் நான் அந்த வீட்டுக்குச் சம்மதித்தேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் ஒரு கோடை. முந்தைய மழை பொய்த்துப் போயிருந்தது. மாசி முடிவதற்குள்ளேயே குழாய்த் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் என்றாகி, மிச்சத்துக்கு டேங்கரை எதிர்பார்த்து நின்றோம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று சொசைட்டி சொன்னது. வெளிக்குழாய்களின் திருகைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது எனக்குத் தப்பாகப் படவில்லை. குடிக்கவே இல்லாதபோது மல்லிகைக்கு எங்கே போவது? என் மல்லிகை கருகியது. வரிசையில் எல்லார் தோட்டமும் கருகியது.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். சொசைட்டி சேர்மன் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீடாகக் கார் வாங்கத் தொடங்கியிருந்த காலம் அது. அவரும் வாங்கியிருந்தார். பின்பக்க நிலத்தைச் சிமெண்டுக் கல் பாவி பார்க்கிங் ஆக்கிவிடலாம் என்றார்.

"தோட்டம் வச்சிருக்கவங்க வச்சுக்கலாம், யாரும் தடுக்கல. காஞ்சு கிடக்கிற இடத்தை மட்டும் மழைக்கு முன்னாடி எடுத்துக்குவோம்" என்றார் ஹிந்தியில், நியாயஸ்தர் குரலில்.

தண்ணீரையும் நிறுத்திவிட்டு, காய்ந்ததை எடுத்துக்கொள்வோம் என்கிறார். எல்லாரும் தலையாட்டினார்கள். பெண்கள் நாற்காலி இல்லாமல் பின்னால் நின்றிருந்தோம். எனக்கு ஹிந்தி அப்போது தட்டுத்தடுமாறித்தான் வரும். தடுமாறியே சொன்னேன்: "என் இடம் காயாது. பச்சையா இருக்கும். வந்து பாருங்க."

சிலர் சிரித்தார்கள். என் கணவர் தரையைப் பார்த்தார்.

அவர் இங்கே பக்கத்தில் கட்க்கியிலேயே பிறந்து வளர்ந்தவர். சாகணில் ஒரு கார் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அவர் பேசும் தமிழில் பாதி ஹிந்தி இருக்கும். நான் கோவில்பட்டிப் பக்கம். வீட்டுக்குள் வந்ததும் கேட்டார்: "குடிக்கவே பானி இல்ல, நீ எதுக்கு இப்படி ஜித் பண்றே?"

ஜித் என்றால் பிடிவாதம். எங்கள் வீட்டில் எனக்காகவே புழங்கிய சொல்.

"நான் பாத்துக்கிடுதேன். நீங்க பேசாம இருங்க, போதும்."

சொல்லிவிட்டேனே தவிர, நடுவதற்குக் கையில் எதுவும் இல்லை. அந்த வெயிலில் எந்த விதை முளைக்கும்? அரிசி எடுக்கப் போனபோது மூலையில் கிடந்த சாக்கு கண்ணில் பட்டது. சாகண் சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று அவர் வாங்கி வந்த உருளைக்கிழங்கு. தின்று தீராமல், வெக்கையில் சுருங்கி, ஒவ்வொன்றிலும் வெளுத்த முளை விட்டிருந்தது. யாரும் தண்ணீர் ஊற்றாமலே அது இருட்டில் முளைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

உருளைக்கிழங்குச் செடியை அதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க் கரிசலில் பருத்தியும் மிளகாயும்தான். உருளைக்கிழங்கு கடையிலிருந்து வரும் பொருள். என்னை அண்ணி முறையில் பாபி என்றழைக்கும் தள்ளுவண்டிக் காய்காரரிடம் கேட்டேன். "இப்பவா? ஐப்பசி வாக்குல நடணும் பாபி. இந்த வெயில்ல இலை வந்தாலும் கிழங்கு வராது" என்றார். இலை வந்தாலே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் துண்டு துண்டாக நறுக்கி நட்டேன். ஆசையில் கூடுதலாகவே நனைத்தும் விட்டேன். ஒரு வாரத்தில் தோண்டிப் பார்த்தால் எல்லாம் அழுகிக் கொழகொழவென்று நாறியது. அழுகை வந்தது. அழுதால் அதைக் கேட்கவும் மேலே ஆட்கள் இருந்தார்கள், அதனால் அழவில்லை. சாக்கில் மீதி இருந்ததில் சின்னக் கிழங்குகளாகப் பொறுக்கி, இந்த முறை முழுசாகவே நட்டேன்.

தண்ணீருக்கு வீட்டையே பிழிந்தேன். அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர், துணி அலசிய கடைசித் தண்ணீர். சோப்புத் தண்ணீரை ஒரு மூலைச் செடிக்கு ஊற்றிப் பார்த்து, அது கருகியதும் விட்டுவிட்டேன். தெருமுனைக் கரும்புச்சாற்றுக் கடையில் சக்கையை மலையாகக் குவித்திருப்பார்கள். அதைப் பையில் அள்ளி வந்து மண்மேல் பரப்பினேன். ஈரம் நின்றது. மத்தியான வெயிலுக்குப் பழைய நூல் சேலையைக் கம்பு நட்டுக் கட்டினேன். பார்க்கிறவர்களுக்கு ஏதோ பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்திருக்கும்.

முதல் மாடியில் ஒரு மராட்டிய அம்மாள் இருந்தார். கட்டடம் முழுக்க அவரைக் காக்கு என்றுதான் கூப்பிடுவோம், சித்தி என்பதுபோல. கூட்டத்துக்குப் பிறகு சுற்றுக்கு விட்ட, பார்க்கிங் வேண்டும் என்ற மனுவில் அவர் கையெழுத்தும் இருந்தது. அதனால் நான் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன். செடி தலைகாட்டி, கரும்பச்சை இலை விரிந்த சமயம் ஒரு நாள் மேலே பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு பக்கெட் இறங்கியது. முக்கால் பக்கெட் தண்ணீர்.

"கீரை அலசினது. சோப்பு இல்ல" என்றார்.

"உங்க கையெழுத்து இருக்கே அதுல?"

"அது என் பையனோட காருக்கு. தண்ணி என்னோடது. பக்கெட்டைப் பிடி, கை வலிக்குது."

பிடித்தேன். அதற்குப் பிறகு தினமும் இறங்கியது.

சித்திரை வெயிலில் வரிசை முழுக்கச் செம்மண் வெடித்துக் கிடக்க, என் துண்டு மட்டும் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. சேர்மன் நடைப்பயிற்சிக்குப் போகும்போது காம்பவுண்டு ஓரமாக நின்று பார்ப்பார். திருட்டுத் தண்ணீர் என்று சந்தேகம். ஒரு தடவை வாட்ச்மேனை அனுப்பிக் குழாயைப் பரிசோதிக்க வைத்தார். நான் வாளியை எடுத்து வாட்ச்மேனிடம் நீட்டி, மோந்து பார்க்கச் சொன்னேன். வெந்தயக்கீரை வாடை அடித்தது. சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வைகாசியில் ஒரு காலை, லாரி வந்து ஜல்லியும் மணலும் கொட்டியது. ஆட்கள் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள். கோடு என் பாத்தியின் நடுவே போனது. கடப்பாரையோடு ஒருவர் கால் வைக்க வந்தபோது நான் போய்ச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். கையில் தோசைக் கரண்டி. அதை வைத்துவிட்டு வரக்கூடத் தோன்றவில்லை.

சேர்மன் இறங்கி வந்தார். பின்னாலேயே பாதிக் கட்டடம் வந்தது. ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த என் கணவரும் லுங்கியோடு வந்து நின்றார்.

"எழுந்திருங்க வஹினி. தோட்டம்னா தோட்டம் மாதிரி இருக்கணும். என்ன செடி இது?" என்றார் சேர்மன். வஹினி என்பது மராட்டியில் அண்ணி.

"ஆலு."

"இந்த வெயில்ல ஆலுவா? இது வெறும் இலை. ஒரு கிழங்கு காட்டுங்க, நான் இந்த இடத்தைத் தொடல."

செடி வளர்ந்த பிறகு நானே தோண்டிப் பார்த்ததில்லை. காய்காரர் சொன்னது காதில் ஒலித்தது. கரண்டியால் பக்கத்துச் செடியைக் கிளறினேன். வேர்தான் வந்தது. யாரோ "ச்ச" என்றார்கள். அடுத்ததைக் கிளறினேன். அதிலும் ஒன்றுமில்லை. சேர்மன் ஆட்களைப் பார்த்துக் கைகாட்டத் திரும்பிவிட்டார்.

"நிக்கச் சொல்லுங்க" என்றார் என் கணவர். உரக்கச் சொல்லவில்லை. ஆனால் ஆட்கள் நின்றார்கள். என்னைப் பார்த்து, "நிழல்ல இருக்கிறதைத் தோண்டு" என்றார் தமிழில்.

சேலைப் பந்தலின் அடியில் இருந்த செடியைக் கரண்டியால் அல்ல, விரலால் தோண்டினேன். சக்கைக்குக் கீழே மண் குளிர்ந்திருந்தது. அந்தக் குளிர்ச்சிக்குள் உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது. எடுத்தேன். எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லை. நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிது. கூடவே இன்னும் சில, கோலிக்குண்டு போல.

சேர்மன் உள்ளங்கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "இதுவா?"

"கிழங்கு கேட்டீங்க. எவ்வளவு பெரிசுன்னு கேக்கல."

மேலிருந்து காக்கு பெரிதாகச் சிரித்தார். ஆட்களும் சிரித்தார்கள். சேர்மனுக்கு முகம் சிவந்துபோனது. கிழங்கை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு மாடியேறிப் போனார்.

சுண்ணாம்புக் கோட்டை வளைத்துப் போட்டார்கள். பின்பக்கம் முழுக்கச் சிமெண்டுக் கல். நடுவில் என் பாத்தி மட்டும் மண்ணாக. கார்கள் அதைச் சுற்றி வளைந்து வளைந்து நிற்க வேண்டியிருந்தது. அதற்காக அவ்வப்போது முணுமுணுப்பு வரும். நான் காது கொடுக்கவில்லை.

மீதிச் செடிகளை மழைக்கு முன்னால் பிடுங்கினேன். விளைச்சல் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கும். ஒரு முறத்தில் அடிப்பகுதி மறையும் அளவுக்குக் கிழங்கு. தோலோடு வேகவைத்து, எண்ணெயில் மிளகாய்த்தூளும் பூண்டும் போட்டுச் சுருளப் பிரட்டினேன். என் கணவர் சட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஜித்துக்கு நல்ல டேஸ்ட் இருக்கு" என்றார்.

காக்குவுக்கு ஒரு கிண்ணம் நிறைய அனுப்பினேன்.

"சேர்மன் வீட்டுக்கும் கொஞ்சம் குடுத்துடேன். நாளைக்கு முகத்தைப் பாக்கணும்ல" என்றார் என் கணவர்.

"பாக்கட்டும். அதுக்கென்ன?" என்று சொல்லிவிட்டு, சட்டியில் ஒட்டியிருந்த காந்தலைச் சுரண்டி நானே தின்றேன்.