பெயர் பொறிக்காத சட்டை

கடைசியாக லோவெல் கிரைடரும் அவர் மகள் மார்லாவும் சேர்ந்து செய்த வேலை, சலவை இயந்திரத்தைச் சமன் செய்தது. துணி சுழலும்போதெல்லாம் அது நகர்ந்து வந்து சமையலறைக் கதவை முட்டிக்கொண்டிருந்தது. மார்லா தரையில் படுத்து, அடியில் இருந்த திருகுக் கால்களை ஸ்பானரால் திருகினாள். அப்பா இயந்திரத்தைத் தோளால் சாய்த்துப் பிடித்திருந்தார்.

"எடை பூரா குதிகால்ல இருக்கு," என்றார். "இப்படி நிக்கிறவன ஒரே தள்ளுல மல்லாத்திடலாம்."

"அப்பா, இது வாஷிங் மெஷின்."

"இருக்கட்டுமே. நிக்கத் தெரிய வேணாமா?"

ரசமட்டத்தில் குமிழ் நடுவுக்கு வந்தது. மார்லா எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். இருவரும் நின்றபடியே ஆளுக்கொரு சாண்ட்விச் சாப்பிட்டார்கள். அவள் தன் ஊருக்கு வண்டியை எடுத்தாள். மறுநாள் திங்கட்கிழமை மதியம், பெட்ரோல் நிலையத்தில், தன் பிக்கப் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே லோவெல் இறந்துபோனார். அறுபத்திரண்டு வயது.

செவ்வாயன்று ஈமச்சடங்கு நிலையத்தின் ஆல்டன் ரீவ்ஸ், மென்மையான குரலில் சொன்னார்: "நாளைக்கு மதியத்துக்குள்ள துணி கொண்டாந்துடுங்கம்மா. சட்டை, கோட்டு, பேண்ட் போதும். ஷூ வேண்டியதில்ல."

மார்லா அப்பாவின் வாடகை வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். எல்லாம் கல்லூரிச் சட்டைகள். ஒவ்வொன்றின் இடது மார்பிலும் ஒரு சின்னம் தைத்திருந்தது. ஓநாய், கழுகு, காட்டெருமை, குதிரைமேல் ஒருத்தன். மழைக்கோட்டில் சின்னம். தூங்கும்போது போடும் பனியனில் சின்னம். காலுறையில்கூட இருந்தது.

சின்னம் இல்லாத சட்டை ஒன்றுகூட இல்லை.

மார்லா மாநில நெடுஞ்சாலைத் துறையில் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். எதையும் கீழிருந்து மேலே, வரிசை தவறாமல் பார்த்துப் பழகியவள். சட்டைகளை நிறவாரியாகக் கட்டில்மேல் அடுக்கினாள். அடுக்கி முடித்தபோது அப்பாவின் பிழைப்பு முழுவதும் அங்கே கிடந்தது.

முதலில் அரக்கு நிறம். கென்டக்கி. லோவெல் ஒஹையோவில் பள்ளி வாத்தியாராக இருந்தவர். பையன்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டே பள்ளி அணியையும் பழக்கினார். அந்த வேலையை விட்டுவிட்டு, சம்பளம் என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்றுக்காகக் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் கடைநிலை உதவியாளராகச் சேர்ந்தார். ஹெல்மெட்டுகள் தொங்கும் அறையில் மடக்குக் கட்டில் போட்டுத் தூங்கினார். அங்கேதான் வேட் டாகெட் என்ற இன்னொரு உதவியாளர் பழக்கமானான். கல்லூரி கேன்டீன் கல்லாவில் இருந்த டோரிஸ் மனைவியானதும் அங்கேதான்.

அவர் கையில் ஒப்படைத்தது முன்வரிசையை. பந்து எறிகிறவனுக்கு முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து தடியர்கள். எதிரிகள் பாய்ந்து வந்து அவனை நசுக்காமல் தடுப்பது அவர்கள் வேலை. எறிகிறவன் படம் பத்திரிகையில் வரும். இவர்கள் பெயர் தப்பு செய்தால் மட்டும் ஒலிபெருக்கியில் வரும். முப்பத்தைந்து வருடமும் லோவெல் இவர்களை மட்டுமே பழக்கினார்.

அடுத்தது பச்சை. ஆர்கன்சா. வேட் அங்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனான். லோவெலை அழைத்துக்கொண்டான். மார்லா பிறந்தது பச்சையில். பிறகு ஊதா. கான்சாஸ். வேட்டுக்குப் பெரிய இடம் கிடைத்தது. இவர்களும் பின்னாலேயே போனார்கள்.

ஊதாவில் மார்லாவுக்கு நினைவு தெளிந்துவிட்டது. அணி தோற்ற மறுநாள் காலையில் வீட்டு வாசல் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகைகள் முளைத்திருக்கும். ஊரைக் காலி செய் என்று ஊர்க்காரர்கள் ராவோடு ராவாக நட்டுவிட்டுப் போனவை. அப்பா பள்ளிப் பேருந்து வருவதற்குள் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார். குச்சிகளைத் தக்காளிச் செடிகளுக்கு முட்டாகக் கொடுப்பார்.

"இந்த வருஷம் தக்காளி நல்லா வரும் போல," என்று டோரிஸ் ஜன்னல் வழியாகச் சொல்வாள்.

அந்த ஊரை விட்டுப் போன விதமும் மார்லாவுக்குத் தெரியும். ஒரு காலையில் அப்பாவின் அட்டை கல்லூரிக் கதவைத் திறக்கவில்லை. மறுபடி தேய்த்துப் பார்த்தார். காவலாளி தலையைக் குனிந்துகொண்டே ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். மேசைமேல் இருந்ததெல்லாம் அதில் இருந்தது. தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் உதவியாளர்களும் போக வேண்டும். அதுதான் வழக்கம். ஒப்பந்தப்படி வேட்டுக்கு மீதி வருடங்களின் சம்பளமும் வீடு தேடி வந்தது. அவன் ஏரிக்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். லோவெல் வாரக்கணக்கில் தொலைபேசிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஒரு ஆரஞ்சு. ஓக்லஹோமாவில் யாரும் கேள்விப்படாத கல்லூரி. அங்கே சட்டைகூட நாலுதான் கொடுத்தார்கள். அதன் பிறகு வேட் டெக்சாஸில் வேலை பிடித்துக் கூப்பிட்டான். லோவெல் பெட்டி கட்ட ஆரம்பித்தார். அன்றைக்கு டோரிஸ் தட்டுகள் இருந்த அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இந்தத் தட்டுங்கள இன்னொரு தடவ பேப்பர்ல சுத்த மாட்டேன், லோவெல்."

"இதான் கடைசி, டோரிஸ்."

"இத்தன வருஷத்துல ஒருத்தனாவது ஒங்கள தலைமைக்குக் கூப்பிட்டானா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. ஒருத்தன்?"

"இல்ல."

"அப்ப நீங்க போங்க."

அவர் போனார். டோரிஸ் மார்லாவைக் கூட்டிக்கொண்டு கான்சாஸுக்குத் திரும்பி, அக்கா வீட்டோடு இருந்துவிட்டாள். பிற்பாடு ஒரு பல் மருத்துவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பாவின் அலமாரியில் டெக்சாஸின் நீலம் சேர்ந்தது. கடைசியாக இந்த டென்னசி ஊரின் பொன் நிறம். அந்த வேலையும் போய்விட்டது.

இதற்கு நடுவில் எத்தனை எத்தனை சமையலறைகள். பதினேழு வயதுத் தடியனின் தாய் சுட்டுக் கொடுக்கும் கேக்கைத் தின்றுகொண்டே, "உங்க பையனுக்கு நாலு வருஷம் நான் பொறுப்பு" என்று சொல்வார். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னார். ஆனால் பல பையன்கள் படிப்பை முடிக்கும்போது அவர் வேறு ஊரில் இருந்தார்.

சட்டைகளை எண்ணவில்லை மார்லா. ஒன்றை எடுத்து மார்புச் சின்னத்தின் தையலைப் பிரித்துப் பார்த்தாள். நூல் போனாலும் ஓநாயின் வடிவம் துணியில் அப்படியே அழுந்தியிருந்தது. துரத்திவிட்டவர்களின் சட்டையில் அப்பாவைப் புதைப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

சாயங்காலம் வேட் டாகெட் வந்தான். இப்போது கரோலினாவில் மிகப் பெரிய கல்லூரி ஒன்றின் தலைமைப் பயிற்சியாளர். அவன் சம்பளம், பத்திரிகைக்காரர்கள் தலைப்பில் போடும் அளவு பெரியது. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட சிவப்புக் கோட்டு. பித்தளைப் பொத்தான்கள். மார்பில் காளை.

"கண்ணு," என்று மார்லாவைத் தோளோடு அணைத்துக்கொண்டான். "என்ன சொல்றதுன்னே தெரியல."

"உக்காருங்க, கோச்."

உட்காரவில்லை. கோட்டைக் கதவுக் கொக்கியில் மாட்டினான். "எங்க ஆளுங்க எல்லாரும் இதையே போட்டுட்டு வர்றாங்க. அவனும் இதுலயே இருக்கட்டும்."

"அப்பா அங்க வேல பாக்கலையே."

"மனசால எங்க ஆளுதான் அவன்."

"சம்பளத்தால இல்ல."

வேட் மூச்சை இழுத்து விட்டான். "நான் சொல்லிப் பாத்தேன் கண்ணு. மேல இருக்கிறவங்க சின்ன வயசு ஆளுங்கதான் வேணும்னுட்டாங்க."

"அப்பாகிட்ட எப்ப சொன்னீங்க?"

"கூப்பிடணும்னு இருந்தேன். அந்த வாரம் ஒரே…"

"டிவியில கீழ ஓடுற வரியில ஒங்க புது உதவியாளருங்க பேரெல்லாம் வந்துது. பட்டியல் ரெண்டு தடவ ஓடுற வரைக்கும் பாத்துட்டு அணைச்சார். நான் பக்கத்துலதான் இருந்தேன். 'வேட்டுக்கு நல்ல டீம் அமைஞ்சிருக்கு'ன்னார். அவ்வளவுதான்."

வேட் தன் ஷூவைப் பார்த்தான். பெரிய உடம்பு. அறை சின்னது. பிறகு ஏதோ பரிசு கொடுப்பவன்போலப் பேசினான்.

"ஒங்கப்பன் மாதிரி விசுவாசி இந்தத் தொழில்லயே கெடையாது. நெப்ராஸ்காவுல ஒரு சின்னக் கல்லூரிக்காரன் தலைமைப் பதவியத் தட்டுல வச்சுக் குடுத்தான் அவனுக்கு. வீடு, காரு எல்லாம். எங்கிட்ட வந்து, 'வேட், நீ இருன்னா இருக்கேன்'னான். இன்னும் ஒரு வருஷம் பொறு, சேந்து ஜெயிப்போம்னேன். பொறுத்தான்யா. ஒரு வார்த்த பேசல."

"எப்ப இது?"

"கான்சாஸ்ல. நம்மள தூக்கினாங்களே, அதுக்கு முந்தின குளிர்காலம். ஒங்கம்மா சொல்லலையா?"

அம்மாவுக்கு எப்படித் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து அவள் கேட்டபோது அப்பா இல்லை என்றுதான் சொன்னார். நெப்ராஸ்காவில் ஒரு வீடு இருந்திருக்கிறது. அதில் அந்தத் தட்டுகள் இருந்திருக்கும். மார்லாவுக்கு முதலில் வேட்மேல் வந்த ஆத்திரம், வழியிலேயே திரும்பி அப்பாமேல் போனது. செத்தவரிடம் போய் எதைக் கேட்பது.

"கோட்ட எடுத்துட்டுப் போங்க, கோச்."

"யோசிச்சுச் சொல்லு கண்ணு."

"யோசிச்சாச்சு."

"அப்ப எதப் போடுவ?" கட்டில்மேல் கிடந்த நிறங்களை அவன் கையால் காட்டினான். குரலில் கோபம் இல்லை. "பாதி சட்டை நான் குடுத்ததுதான்."

மார்லா கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

புதன் காலை பெட்ரோல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. "மேடம், தப்பா நெனைக்காதீங்க. அந்த பிக்கப்பு பம்ப்ப மறிச்சுட்டு நின்னுது, ஓரமாத் தள்ளி வச்சிருக்கோம். சாவி எங்கிட்டதான் இருக்கு. வந்து எடுத்துக்கிறீங்களா?"

மார்லா நடந்தே போனாள். வண்டியின் பக்கத்து இருக்கையில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது. உள்ளே ஒரு வெள்ளைச் சட்டை. மார்பில் ஒன்றுமில்லை. திருப்பிப் பார்த்தாள், முதுகிலும் ஒன்றுமில்லை. குண்டூசிகளை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி மடிக்கத் தெரியாமல் மடித்து வைத்திருந்தார். கழுத்துப் பொத்தான் ஒற்றை நூலில் தொங்கியது. கழுத்தளவு பதினேழரை அங்குலம் என்று போட்டிருந்தது. அவர் கழுத்து அதற்குள் எந்தக் காலத்திலும் நுழைந்திராது. கல்லூரிகள் அவருக்கு மூன்று எக்ஸ் அளவு என்று சட்டைகளை மூட்டையாக அனுப்பிவிடும். கழுத்துக்குத் தனியாக ஒரு அளவு இருப்பது அவருக்கு மறந்தே போயிருக்கும்.

ஆல்டன் ரீவ்ஸைக் கூப்பிட்டுச் சட்டை கிடைத்துவிட்டது, கழுத்து மட்டும் சிறிது என்றாள்.

"அதப் பத்திக் கவலப்படாதீங்கம்மா. பின்பக்கம் கத்தரிச்சு விட்டுடுவோம். முன்னால பாக்கக் கச்சிதமா இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் பண்றது."

"மாத்திட்டுக் கொண்டு வரேன்."

"அவசியமே இல்ல…"

"மாத்திட்டு வரேன்."

பையில் பெயர் இருந்த கடை வாசலில் பிக்கப்பை நிறுத்திவிட்டு அம்மாவை அழைத்தாள். "அப்பா கழுத்தளவு என்ன?"

"பத்தொம்பது. கை முப்பத்தஞ்சு," என்றாள் டோரிஸ், கேட்ட மறுகணமே. "வேட் வந்தானா?"

"வந்தான்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. ஒரு கோட்டு கொண்டு வந்தான். திருப்பி அனுப்பிட்டேன்."

"நல்லது பண்ண," என்றாள் டோரிஸ்.

கடையில் இர்மா என்று பெயர்ப்பட்டை குத்திய வயதான பெண் நின்றிருந்தாள். பையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "வந்தாச்சா? கழுத்து நுழையாது, போட்டுப் பாத்துட்டுப் போங்கன்னேன். கேட்டாரா மனுஷன்? சட்டையக் கழட்ட வெக்கப்படுறார். எவ்வளவு பெரிய உருவம்."

"பத்தொம்பது வேணும்."

இர்மா ஏணியில் ஏறி ஒரு பெட்டியை இறக்கினாள். "'எந்தக் கல்லூரிப் பேரும் இல்லாம வெறும் சட்டையா ஒண்ணு குடு'ன்னார். இப்படிக் கேட்டு யாரும் வந்ததில்ல எங்கிட்ட. மரக்கடையில இன்டர்வியூவாம். பலகை அறுத்துக் குடுக்கிற வேல. காலேஜ் பசங்கள பழக்குனவருக்கு அது என்ன பெரிய இன்டர்வியூ, நேரா போங்கன்னேன். இல்ல, மொத தடவையா நானே கேட்டுப் போற வேல, ஒழுங்காப் போகணும்னார். செவ்வாக்கெழமதானே? என்ன ஆச்சு?"

மார்லா பையைக் கல்லாப் பலகைமேல் வைத்தாள். "போகல. திங்கக்கெழமை தவறிட்டார்."

இர்மாவின் கை பெட்டி மூடிமேல் நின்றது. பிறகு அவள் மூடியைத் திறந்தாள். சட்டையை வெளியே எடுத்து, குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவி ஒரு கிண்ணத்தில் போட்டாள். கழுத்துப்பட்டைக்குள் இருந்த அட்டையை இழுத்தாள். உதறினாள். இஸ்திரிப் பலகைக்குக் கொண்டுபோய் மடிப்புக் கோடுகளைத் தேய்த்தாள். மார்லா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவங்களுக்குச் சொல்லிட்டீங்களாம்மா?" என்று இர்மா முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"யாருக்கு?"

"மரக்கடைக்காரங்களுக்கு. நேத்து ஒக்காந்து காத்துட்டு இருந்திருப்பாங்க. வரேன்னு சொல்லிட்டு வராம போயிட்டான்னு நெனச்சிருப்பாங்க."

சட்டையை ஹேங்கரில் மாட்டி, மேலே ஒரு உறை போட்டுக் கொடுத்தாள். மணி பதினொன்று ஆகப்போகிறது; மதியத்துக்குள் ஆல்டனிடம் சட்டையைக் கொடுக்க வேண்டும்.

"எந்த மரக்கடைன்னு சொன்னார்?" என்று கேட்டாள் மார்லா.