வைக்காமல் விட்ட அழைப்பு

சபையில் என்னோடு ஜெபிக்கிற எல்லோருக்கும் எழுதுகிறேன். என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், பொறுத்து வாசியுங்கள். உங்கள் முன்னால் நின்று சொல்லத் தைரியம் வரவில்லை.

மனைவி இறந்தபின் எல்லிங்ஸ்ருட்டில் தனியாக இருக்கிறேன். பிள்ளைகள் இல்லை. பக்கத்து ஊர் லோறென்ஸ்கூக்கில், ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் வேலை. இயந்திர இரைச்சலில் அங்கே ஒருவரும் கதைப்பதில்லை. ஞாயிறு ஆராதனையிலும் கடைசி வாங்கில் இருந்துவிட்டு, தேநீருக்கு முன்பே போய்விடுவேன்.

ரேடியோதான் துணை. லில்லெஸ்ட்ரோமில் ஒரு நொர்வீஜியக் குடும்பம் வீட்டின் கீழறையிலிருந்து சின்ன வானொலி நடத்துகிறது. தகப்பன் இசைத்தட்டுப் போடுவார். தாய் தொலைபேசி எடுப்பார். எல்லாம் 'கன்ட்ரி' என்கிற பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுகள். சொற்கள் எனக்கு விளங்காது, கேட்டால் மனம் ஆறும். சனி காலையில் நேயர்கள் அழைத்து, பெயர் சொல்லிப் பாட்டுக் கேட்பார்கள். நானும் அழைப்பேன். அந்த அம்மா "ஹலோ" என்றதும் வெட்கம் பிடித்துக்கொள்ளும். வைத்துவிடுவேன். மூன்று வருடம் இப்படித்தான். "ஆண்டவரே, நான் இருக்கிறேன் என்று ஒருவருக்காவது தெரியட்டும்" என்று அழுது ஜெபித்தேன்.

இந்த வருடம் மாசி மாதம் ஒரு சனி. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. திடீரென்று வலது கையும் காலும் இழுத்து, நிலத்தில் விழுந்தேன். இடது கையால் தொலைபேசியை எடுத்தேன். இலக்கங்கள் தெரியவில்லை. கடைசியாக அழைத்த இலக்கம் மேலே கிடந்தது. அமத்தினேன். "ஹலோ" என்றார் அந்த அம்மா. நாக்குப் புரளவில்லை. செத்துப்போவேன் என்று நினைத்தேன்.

அரை மணிக்குள் அம்புலன்ஸ்காரர் கதவை உடைத்து உள்ளே வந்தார்கள்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் தமிழ்த் தாதிப் பிள்ளை வந்தது. "மாமா, உங்களைப் பாக்க ரேடியோக்காரர் வந்திருக்கினம்."

அந்த அம்மாவும் புருஷனும் நின்றார்கள். அம்மா சொல்லச் சொல்லப் பிள்ளை தமிழில் சொன்னது.

"மூண்டு வருசமா நீங்கள் எடுத்து, மூச்சு விட்டிட்டு வைக்கிறனீங்களாம். பாட்டுப் பிடிக்காத ஆள் போலை எண்டு இவர் பகிடி பண்ணுறவராம். அண்டைக்கு நீங்கள் வைக்கேல்லை. பின்னாலை தங்கடை பாட்டும் கேட்டுதாம். ஏதோ பிழை எண்டு, இலக்கத்தை வச்சு விலாசம் தேடி அம்புலன்சுக்கு அடிச்சவையாம்."

நான் அழுதேன். என் ஆண்டவர் அந்த வெறும் மூச்சையே ஒருவருக்குப் பழக்கிவைத்திருந்தார்.

பேச்சு மெல்லத் திரும்பியது. வீடு இன்னும் வெறுமைதான். ஆனால் இப்போது தேநீருக்கும் நிற்கிறேன். போன சனி அழைத்து என் பெயரைச் சொன்னேன். பாட்டு யாருக்கு என்று அந்த அம்மா கேட்டார். எனக்கு என்றேன்.

தனியே இருப்பவர்களே, சொல் வராவிட்டாலும் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். அவர் கேட்கிறார்.

17.11.2024, ஞாயிறு