அக்காவிடமிருந்து வந்த அலர்ஜி

போன செவ்வாய்க்கிழமை, ஏ.எஸ்.ராவ் நகரில் என் பல் டாக்டர், வாய்க்குள் விட்டுப் பார்க்கும் அந்தக் குட்டிக் கண்ணாடியின் காம்பால் என் தாடையில் ஒரு தட்டு தட்டினார். அந்தச் சத்தத்துக்காகத்தான் எட்டு மாதம் காத்திருந்தேன் என்றால் நம்புவீர்களா?

தட்டையைக் கடித்து என் கடைவாய்ப்பல் பிளந்த கதையைப் போன வருடம் இங்கே எழுதியிருந்தேன். (நீங்கள் அனுதாபப்படவில்லை. தட்டைக்குச் செய்முறை கேட்டுக் கடிதம் போட்டீர்கள். மறக்கவில்லை!) அந்தப் பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைத்தார்கள். அதாவது, தாடை எலும்பில் துளை போட்டு டைட்டானியத்தில் ஒரு ஸ்க்ரூவை இறக்குவார்கள். சில மாதங்களில் எலும்பு அதைச் சுற்றி வளர்ந்து இறுகப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் பல் கட்டுவார்கள்.

என் எலும்பு பிடிக்கவில்லை. ஐந்தாவது வாரமே வலி, ஆட்டம். டாக்டர் இரண்டு விரலால் லேசாகத் திருகினார்... ஸ்க்ரூ கையோடு வந்துவிட்டது.

டாக்டருக்கு என் மகள் வயது. தெலுங்குப் பெண், சென்னையில் படித்ததால் தமிழ் பேசுவார். "இன்னும் ஒரு தடவைதான் ட்ரை பண்ண முடியும் ஆன்ட்டி. இப்பவே எலும்பு கம்மி. அதுவும் போச்சுன்னா அந்த இடத்துல ஒண்ணும் பண்ண முடியாது."

அழுகை வந்துவிட்டது. ஒரு பல்லுக்கா என்று கேட்காதீர்கள். மாதாப்பூர் ஆபீஸ் கேன்டீனில் எல்லோரும் கை கழுவிவிட்டுப் போன பிறகும் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டு தனியாக உட்கார்ந்திருந்தால் தெரியும்.

டாக்டர் என் ஃபைலைப் புரட்டினார். "பென்சிலின் அலர்ஜின்னு எழுதியிருக்கீங்க. வந்தப்போ என்ன ஆச்சு? தடிப்பா, மூச்சுத் திணறலா?"

வாய் ஏற்கனவே திறந்துதான் இருந்தது. மூடிக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். என்ன ஆச்சு? எனக்கே தெரியவில்லை!

இந்த வேலையில் கிருமி தொற்றாமலிருக்கப் பென்சிலின் வகை மருந்தைத்தான் முதலில் கொடுப்பார்களாம். அது ஆகாது என்பவர்களுக்கு வேறு மருந்து. அவர்களிடம் இம்ப்ளான்ட் கழன்றுபோவது கொஞ்சம் அதிகம் என்று சொல்கிறார்களாம். "உங்களுதும் அதனாலதான்னு சொல்ல மாட்டேன் ஆன்ட்டி. ஆனா நிஜமாவே அலர்ஜி இருக்கான்னு தெரிஞ்சுக்கலாமே?"

அன்று மாலையே போவன்பள்ளியில் இருக்கும் என் அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, எனக்குப் பென்சிலின் ஒத்துக்காம எப்போ என்ன ஆச்சு?"

"உனக்குக் கைக்குடீ, எதுக்குடீ ஆகணும்? எனக்குத்தான் ஆச்சு. மூணாங்கிளாஸ்ல ஊசி போட்டதும் உதடெல்லாம் வீங்கி... அப்பா என்னைத் தூக்கிக்கிட்டு ஓடினாரே."

"அப்போ ஆஸ்பத்திரி கார்டுல எழுதியிருந்தது?"

"கார்டு எல்லாருக்கும் ஒண்ணுதானே!"

ஆமாம். ஒன்றுதான். அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ரயில்வே ஆஸ்பத்திரிக்கு எங்கள் குடும்பம் மொத்தத்துக்கும் ஒரே கார்டு. அதன் உச்சியில் யாரோ ஒரு டாக்டர் சிவப்பு மையில் 'பென்சிலின் கூடாது' என்று எழுதினார், யாருக்கு என்று எழுதவில்லை. அன்றிலிருந்து எங்களில் யார் போனாலும் எல்லோர் கண்ணிலும் முதலில் பட்டது அந்தச் சிவப்புதான். "எங்க வீட்ல யாருக்குமே பென்சிலின் ஆகாது" என்று அம்மாவும் சொல்ல ஆரம்பித்தாள், ஏதோ குலவழக்கம் மாதிரி. பிரசவத்துக்குப் போனபோதும் சொன்னேன், வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்த ஃபாரத்திலும் எழுதினேன். அக்காவின் பழைய பாவாடை, புத்தகப்பை, ஜியோமெட்ரி பாக்ஸ் எல்லாம் எனக்குத்தானே வந்தன? அலர்ஜியும் வந்துவிட்டது!

"நீங்களே மாத்திரை வாங்கிப் போட்டுப் பாத்துடாதீங்க" என்று எச்சரித்து, பல் டாக்டர் என்னை ஓர் அலர்ஜி நிபுணரிடம் அனுப்பினார். முதலில் கையில் ஊசிமுனையால் குத்திப் பார்த்தார்கள். பிறகு மாத்திரையில் ஒரு துணுக்கு. பிறகு முழு மாத்திரை. பக்கத்திலேயே நர்ஸ், ஆக்சிஜன், எல்லாம் தயார். நாற்பது வருடமாக விஷம் என்று நம்பியதை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவின் வீங்கிய உதடு கண்முன் வந்து நின்றது. கை அரித்தது, பார்த்தால் கொசு. ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம் ஆனது.

ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததற்கு நான் அப்படி மலைத்துப்போனது அதுதான் முதல் தடவை.

எலும்பு ஆறியதும் இரண்டாவது ஸ்க்ரூ, இந்த முறை பென்சிலின் வகை மருந்தோடு. அப்புறம் மூன்று மாதம். அப்புறம்தான் போன செவ்வாய். டாக்டர் ஸ்க்ரூவின் தலையில் தட்டினார்.

டிங்!

எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூன் பட்ட மாதிரி சுத்தமான சத்தம். "வினிபிஞ்சிந்தா? கேட்டுச்சா ஆன்ட்டி? எலும்பு பிடிச்சிடுச்சு!" என்றார் டாக்டர்.

யோசித்துப் பாருங்கள். என் தாடைக்கு டைட்டானியம் என்றால் என்னவென்று தெரியுமா? நான் டிராஃபிக்கில் முனகிக்கொண்டிருந்தபோதும், மீட்டிங்கில் கொட்டாவி விட்டபோதும், அது யாரும் சொல்லாமலே கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, முன்பின் அறியாத ஓர் உலோகத்தைக் கட்டிப் பிடித்திருக்கிறது. எதிர் ஃபிளாட்டுக்கு வந்தவர்களிடம் பேர் கேட்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது! இந்த முறை பிடித்ததற்கு மருந்து காரணமா, அதிர்ஷ்டமா? டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. கை மட்டும் தானாகக் கும்பிட்டது.

அடுத்த முறை ஏதாவது ஃபாரத்தில் 'அலர்ஜி உண்டா?' என்று கேட்டால், எழுதுவதற்கு முன் அது யாருடையது என்று வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன். சந்தோஷத்தில் மூக்கை உறிஞ்சினாள். பிறகு சொன்னாள்:

"ஹவ், ஆமாடீ, நாப்பது வருஷம் கழிச்சாவது என் அலர்ஜியைத் திருப்பிக் கொடுத்தியே. அந்த மாம்பழக் கலர் பட்டுப்புடவையை எப்போடீ கொடுப்பே?"