மொறுமொறுப்பான ஒயின்

ஒரகடம் சாலையில் வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்குகிற ஹோட்டலில் நான் சர்வர். எட்டாவதோடு படிப்பை விட்டவன். சர்வர் ஆவதற்கு முன் ஆறு வருடம் அங்கேயே பாத்திரம் கழுவினேன். ஈரத்தில் நின்று கால் விரல் இடுக்கெல்லாம் புண். மெனுவில் புதிதாகச் சேர்க்கும் ஒயினைப் பற்றிக் கஸ்டமரிடம் வாய் திறந்து சொல்லத் தெரியாதவர்கள் மறுபடி பாத்திரம் கழுவப் போகலாம் என்று மேனேஜர் சொன்னபோது எனக்கு முதலில் கால்தான் அரித்தது.

ஒயினின் பெயர் வெர்மென்டினோ. இத்தாலிப் பக்கத்து வெள்ளைத் திராட்சையாம். மூன்று நாள் வண்டியில் வரும்போது ஹெல்மெட்டுக்குள்ளேயே முணுமுணுத்து அந்தப் பெயரைப் பிடித்துவிட்டேன். ஆனால் மேனேஜர் கொடுத்த தாளில் 'கிரிஸ்ப்' என்று இருந்தது. எங்கள் மெனுவில் அது வெங்காய பஜ்ஜிக்குப் போடுகிற வார்த்தை. தூத்துக்குடியிலிருந்து வந்து எங்களோடு வேலை பார்க்கும் பெண்ணிடம் கேட்டேன்.

"இன்னாமா இது, தண்ணி எப்டி மொறுமொறுன்னு இருக்கும்?"

"பல்லு போனவங்களுக்குன்னு செஞ்சிருப்பாங்கண்ணே," என்றாள் அவள்.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் போனபிறகு மேனேஜர் ஆளுக்கு ஒரு விரலளவு ஊற்றினார். பக்கத்தில் வஞ்சிர வறுவலும், வெறும் உப்பும் மிளகும் போட்ட நெத்திலியும். எனக்குத் தெரிந்த ஒயின் சர்ச்சில் திருவிருந்துக்குக் கொடுக்கும் இனிப்பு ரசம்தான். இது புளித்தது. கெட்டுப்போனதோ என்று பயம். வீட்டுக்குப் போகிற வழியில் படப்பையில் போலீஸ் ஊதச் சொன்னால் என்ன செய்வது என்று இன்னொரு பயம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து பேப்பர் கப்பில் துப்பினேன். மேனேஜர் பார்த்துவிட்டார். ருசி பார்ப்பவர்கள் துப்பத்தான் வேண்டும், இவர் ஒருத்தர்தான் சரியாகச் செய்கிறார் என்றார். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பிறகு என்னைச் சொல்லச் சொன்னார். தாளில் இருந்தது எல்லாம் மறந்துபோனது.

"காலைல மூஞ்சில பச்சத் தண்ணி அடிச்சா ஒரு முழிப்பு வருமே சார், அது வாய்ல வருது. கடைசில ஊறுகா போடுற கிச்சிலிக்காத் தோலு மாதிரி லேசா கசக்குது. வஞ்சிரத்தோட குடிச்சா காரம் ரெண்டு பங்கா எரியுது. நெத்திலிக்குத்தான் சேருது."

மேனேஜர் ஒரு நெத்திலியைக் கடித்து, ஒரு வாய் ஒயின் குடித்துப் பார்த்தார். சரியாகத்தான் சொல்கிறீர்கள் என்றார். இதையே கஸ்டமரிடம் இங்கிலீஷில் சொல்வீர்களா என்று கேட்டார். எனக்கு இங்கிலீஷில் 'எஸ் சார்', 'தேங்க்யூ சார்' தாண்டி வராது.

"அண்ணன் ஊத்தட்டும் சார், நான் சொல்லிக்கிடுதேன்," என்றாள் அவள்.

அப்படித்தான் முடிவானது. பாத்திரம் கழுவப் போகவில்லை. நான் ஊற்றுகிறேன், என் கிச்சிலிக்காயை அவள் இங்கிலீஷில் சொல்கிறாள், வெள்ளைக்காரர்கள் அவளைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். அவளுக்குப் புதன்கிழமை வார லீவு. செவ்வாய் மதியத்திலிருந்தே எனக்குக் கால் அரிக்கிறது.